மாட்யூலைக் கழற்றும் முன் ஒளியைப் படியுங்கள்: டேட்டா சென்டர் குறுந்தூர ஃபைபர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

லிங்க் அப் என்று காட்டுகிறது, விளக்கும் பச்சையாக எரிகிறது, ஆனால் சிஆர்சி பிழை (பாக்கெட் வழியில் கெட்டுவிட்டதா என்று பார்க்கும் சோதனையில் தோற்றவை) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டேட்டா சென்டரில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஸ்பேர் பெட்டியிலிருந்து ஒரு புது ட்ரான்சீவரை, அதாவது மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் மாட்யூலை, எடுத்துவந்து பழையதைக் கழற்றி மாட்டுவோம், கவுன்டரை க்ளியர் செய்வோம், கொஞ்ச நேரம் பார்ப்போம், டிக்கெட்டை மூடுவோம். சில நாட்களில் அதே போர்ட் அதே புகாரோடு திரும்ப வரும். கழற்றிய பழைய மாட்யூல் விற்றவரிடம் திரும்பப் போய், "சோதித்தோம், குறை எதுவும் இல்லை" என்ற சீட்டோடு வந்து சேரும். குறை மாட்யூலில் இல்லவே இல்லை என்றால் வேறு என்ன சீட்டு வரும்?

இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் தரவுகளோடு எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2017-இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டில் வெளிவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினரும் சேர்ந்து செய்தது. 15 டேட்டா சென்டர்களில் சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே ஓடும் 3,50,000 லிங்குகளை எடுத்துக்கொண்டு, பாக்கெட்டுகள் எங்கே கெட்டுப்போகின்றன, ஏன் கெட்டுப்போகின்றன, சரிசெய்யப் போகிறவர் முதலில் எதைத் தொட வேண்டும் என்று கேட்டார்கள். அதிலிருந்து உருவாக்கிய அமைப்புக்குக் கார்ஆப்ட் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வு ஒரு குறிப்பிட்ட வகை மாட்யூலைப் பற்றியது இல்லை. அதை நான் இங்கே எஸ்ஆர் என்று நாம் சொல்கிற குறுந்தூர மாட்யூல்களுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். காரணம், ஒளி இழப்புக்கு மிகக் குறைவாக இடம் கொடுக்கும் லிங்குகளில் இவையும் சேர்த்தி, அதனால் அந்த ஆய்வு சொன்னது இங்கேதான் நன்றாக உறைக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் தொலைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நெரிசலில் சுவிட்சின் பஃபர் நிரம்பி வழிந்து விழுவது ஒன்று. வழியிலேயே பிட் புரண்டு, வந்து சேர்ந்த இடத்தில் சிஆர்சி ஒத்துப்போகாமல் தூக்கி எறியப்படுவது இன்னொன்று. அப்ளிகேஷன் பக்கம் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், "நெட்வொர்க் மெதுவா இருக்கு" என்று ஒரே வரியில் புகார் வரும். ஆனால் ஆய்வில் இரண்டின் குணமும் நேரெதிராக இருந்தன. கெட்டுப்போதல் பாதிக்கும் லிங்குகள் நெரிசல் பாதிப்பவற்றைவிடக் குறைவு, ஆனால் பாதித்த லிங்கில் இழப்பு விகிதம் அதிகம். நெரிசல் டிராஃபிக்கோடு ஏறி இறங்கும். கெட்டுப்போதல் விகிதமோ காலப்போக்கில் பெரிதாக மாறாமல் அப்படியே நிற்கிறது, லிங்கில் எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு லிங்கில் இழப்பு இருக்கிறது, இரவு டிராஃபிக் குறைந்த பிறகும் விகிதம் இறங்கவில்லை என்றால், அங்கே பஃபரையும் க்யூவையும் நோண்டிப் பயனில்லை, பிரச்சினை கண்ணாடியிலோ அதன் முனையிலோ இருக்கிறது. பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை இது எதையும் அறியாமல், இழப்பு வந்தாலே நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும், கெட்டுப்போதலோ வேகம் குறைந்ததால் குறையப் போவதில்லை, ஆக வேகம் போனதுதான் மிச்சம்.

இன்னொரு தலைவலி, கெட்ட லிங்க் ஒன்று இருந்தால் எல்லோரும் பாதிக்கப்பட மாட்டார்கள். ஒரே இடத்துக்குப் போகச் சமமான பல பாதைகள் இருக்கும், எந்த இணைப்பு எந்தப் பாதையில் போகும் என்பதை ஹாஷ் தீர்மானிக்கும். ஆகவே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் பிங் அடித்தால் சுத்தமாக இருக்கும், அதே இரண்டு சர்வர்களுக்கு இடையே ஓடும் ஒரு டேட்டாபேஸ் இணைப்பு மட்டும் தடுமாறும். சுவிட்ச் கட்‑த்ரூ முறையில் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். பாக்கெட் முழுதாக வந்து சேரும் முன்பே அதை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடுவதால், கெட்ட பாக்கெட் பல சுவிட்சுகளைத் தாண்டிப் போய் எங்கேயோ ஒரு நல்ல போர்ட்டில் சிஆர்சி பிழையாகப் பதிவாகும். அந்த நல்ல போர்ட்டின் மாட்யூலை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டது எங்கே முதலில் தோன்றியது என்று பின்னோக்கித் தேடிப் போகாமல் எந்த மாட்யூலிலும் கை வைக்கக் கூடாது.

சரி, கொஞ்சம் பாக்கெட் தொலைந்தால் என்ன, திரும்ப அனுப்பிக்கொள்ளாதா என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் 2016-இல் ஈத்தர்நெட் மேல் ஆர்டிஎம்ஏ (ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு, ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே தரவு அனுப்பும் முறை) ஓட்டிய அனுபவத்தை வெளியிட்டபோது அதில் ஒரு சோதனை இருந்தது. இரண்டு சர்வர்கள், நடுவில் ஒரு சுவிட்ச். 256 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது சுமார் 0.4% மட்டும், வேண்டுமென்றே தூக்கி எறிந்தார்கள். லிங்க் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேர்ந்த பயனுள்ள தரவு பூஜ்யம். ஒரு பாக்கெட் தொலைந்தால் முழு மெசேஜையும் முதலிலிருந்து திரும்ப அனுப்பும்படி நெட்வொர்க் கார்டு எழுதப்பட்டிருந்தது, மெசேஜ் பெரியதாக இருந்தால் அது ஒருபோதும் முடிவதே இல்லை. பிறகு, தொலைந்த பாக்கெட்டிலிருந்து மட்டும் திரும்ப அனுப்பும்படி அதை மாற்றினார்கள். இன்றைக்கு ஏஐ பயிற்சிக் கிளஸ்டர்களில் பலவும் இந்த ஆர்டிஎம்ஏவை நம்பித்தான் ஓடுகின்றன, அதனால் 0.4% என்பதைச் சின்ன எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

எஸ்ஆர்4 லிங்கில் எவ்வளவு இடம் இருக்கிறது

இங்கே கணக்கு போட்டே ஆக வேண்டும், இது இல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

விநாடிக்கு 100 கிகாபிட் அனுப்பும் 100ஜி எஸ்ஆர்4 மாட்யூலுக்குள் நான்கு லேசர்கள் இருக்கின்றன. விக்செல் என்று சொல்லப்படும், சிப்பின் மேற்பரப்பிலிருந்து செங்குத்தாக ஒளியை விடும் வகை. ஜப்பானில் கெனிச்சி இகா 1977-இல் முன்வைத்த யோசனை அது. வேஃபரை வெட்டும் முன்பே அதன் மேலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதால் மலிவாகச் செய்ய முடிகிறது. ஒவ்வொரு லேசரும் 850 நானோமீட்டர் ஒளியில் விநாடிக்கு 25.78 கிகாபிட்டைத் தனி ஃபைபரில் அனுப்பும். எம்பிஓ கனெக்டரில் 12 ஃபைபர்கள் ஒரே வரிசையில் இருக்கும், ஒரு ஓரத்தில் நான்கு போக, மறு ஓரத்தில் நான்கு வர, நடுவில் நான்கு சும்மா கிடக்கும். மொத்தம் எட்டு கண்ணாடி இழைகள், நான்கு தடங்கள், அதில் ஒரு தடம் கெட்டாலும் 100ஜி முழுதும் கெட்டது, ஏனென்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் நான்கு தடங்களிலும் பிரிந்துதான் போகிறது.

இந்த ஃபைபர் மல்டிமோட். மையம் 50 மைக்ரான் அகலம், ஒளி அதற்குள் பல பாதைகளில் போகும், ஒன்றாகக் கிளம்பியது கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும். 25.78 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் நேரம் சுமார் 39 பிகோ விநாடி. கண்ணாடிக்குள் அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் வெறும் 8 மில்லிமீட்டர் அளவுதான். 8 மில்லிமீட்டர் நீளமுள்ள பிட்டுகள் 100 மீட்டர் ஓடி ஒன்றோடொன்று கலக்காமல் வர வேண்டும். வேகம் ஏற ஏறத் தூரம் சுருங்கியது இதனால்தான். 10ஜி எஸ்ஆர் 2002-இல் வந்தபோது ஓஎம்3 என்ற தர மல்டிமோட் ஃபைபரில் 300 மீட்டர் போகும் என்றது தரநிலை. 2010-இல் 40ஜி எஸ்ஆர்4 அதே ஓஎம்3-இல் 100 மீட்டர். 2015-இல் வந்த 100ஜி எஸ்ஆர்4-க்கு 70 மீட்டர், கொஞ்சம் உயர்ந்த ஓஎம்4 போட்டிருந்தால் 100. 10ஜி காலத்தில் 90 மீட்டர் ஓஎம்3 இழுத்து வைத்தவர்கள், 40ஜி அதில் நன்றாக ஓடியதைப் பார்த்துவிட்டு, மாட்யூலை மட்டும் 100ஜிக்கு மாற்றினால் லிங்க் பெரும்பாலும் அப் ஆகிவிடும். தரநிலைக்கு வெளியே ஓடுகிறோம் என்று எந்த விளக்கும் சொல்லாது.

தூரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒளி இழப்பின் கணக்கு. ஓஎம்4-இல் 100 மீட்டருக்கு 100ஜி எஸ்ஆர்4 அனுமதிக்கும் மொத்த இழப்பு 1.9 டிபி (டெசிபல்). கிளம்பிய ஒளியில் கிட்டத்தட்ட 35% தொலையலாம், அதற்கு மேல் கூடாது. அதில் கண்ணாடிக்கு 0.4 போய்விடும், கனெக்டர்களுக்கு மிச்சம் 1.5 டிபி. சாதாரண எம்பிஓ இணைப்பு ஒன்றுக்குத் தரநிலை 0.75 டிபி வரை விடுகிறது. இந்தப் பக்க பேனலில் ஒரு இணைப்பு, அந்தப் பக்க பேனலில் ஒரு இணைப்பு, 1.5 முடிந்தது. நடுவில் கேபிள்களை மாற்றி இணைக்க ஒரு க்ராஸ் கனெக்ட் ரேக் வைத்து இணைப்பு நான்காகிவிட்டால் 3 டிபி ஆகிவிடுகிறது, கனெக்டர்களுக்கான அனுமதிக்கு இரண்டு மடங்கு. குறைந்த இழப்பு எம்பிஓ வாங்கினால் ஒன்றுக்கு 0.35, நான்குக்கு 1.4, தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே கேபிள் வாங்கும்போது மிச்சம்பிடித்தது பிறகு மாட்யூல் மாற்றும் செலவாக வந்து நிற்கும். இந்தக் கணக்கை வரைபடம் போடுகிற அன்றைக்கே போட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் முனைகள் சுத்தமாக இருந்தால். எம்பிஓவில் தூசு வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒற்றை ஃபைபர் கனெக்டரில் ஒரு துகள் உட்கார்ந்தால் அந்த ஒரு ஃபைபர்தான் பாதிக்கும். எம்பிஓவில் 12 ஃபைபரும் ஒரே சமதளத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், நடுவில் சும்மா கிடக்கிற ஃபைபர் மேல் ஒரு துகள் மாட்டினாலும் அது முழு முகத்தையும் லேசாகத் தூக்கிப் பிடித்து, பக்கத்துத் தடங்களில் காற்று இடைவெளி உண்டாக்கிவிடும். புதுசாகப் பையிலிருந்து பிரித்த கேபிள் சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் ஆழமாக ஊறிக்கிடக்கிறது, அது தப்பு, அந்த பிளாஸ்டிக் மூடியே அழுக்கைக் கொண்டுவரும். அதனால்தான் முதலில் ஸ்கோப்பில் பார், பிறகு துடை, திரும்பவும் பார் என்று சொல்லித்தருகிறார்கள். ஐஇசி 61300-3-35 என்று ஒரு தரநிலையே முனையில் எந்த இடத்தில் எவ்வளவு கீறலும் அழுக்கும் இருக்கலாம் என்று வகுத்து வைத்திருக்கிறது. கண்ணால் நேரே பார்க்கக் கூடாது, 850 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது, கேமரா வைத்த ஸ்கோப்தான் சரி.

ஒளி எண்களை எப்படிப் படித்தார்கள்

கார்ஆப்ட் ஆய்வின் அருமையான பகுதி இதுதான் என்பேன். கெட்டுப்போதலுக்கான காரணங்களை ஐந்தாகப் பிரித்தார்கள்: கனெக்டர் அழுக்கு, வளைந்த அல்லது சேதமான ஃபைபர், ஒளி மங்கிப்போன லேசர், சரியாக உட்காராத அல்லது கெட்டுப்போன மாட்யூல், பல லிங்குகள் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒரு பாகத்தின் கோளாறு. இதில் லேசர் மங்கிப்போவது மிக அரிதாக இருந்தது. நாம் மாட்யூலை மாற்றும்போது மனத்தில் நினைப்பது பெரும்பாலும் அதைத்தான்! அழுக்கும், வளைந்த ஃபைபரும், சரியாக உட்காராத மாட்யூலும்தான் பெரும் பங்கு.

இந்த ஐந்தையும் போர்ட்டுக்குப் போகாமலேயே பெருமளவு பிரித்தறியலாம், ஏனென்றால் மாட்யூல் தான் அனுப்பும் ஒளியையும் தனக்கு வரும் ஒளியையும் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. லினக்ஸில் ஈத்டூல், சுவிட்சில் ட்ரான்சீவர் விவரம் காட்டும் கட்டளை, எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன. லிங்கின் இரண்டு முனைகளிலும் அனுப்பும் ஒளி, வரும் ஒளி என்று நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்முனை அனுப்பும் ஒளியே குறைவு என்றால் எதிர்முனை மாட்யூலை மாற்ற வேண்டும், நம் முனையை இல்லை. இரண்டு பக்கமும் நன்றாக அனுப்புகின்றன, ஆனால் இரண்டு பக்கமும் குறைவாக வந்து சேர்கிறது என்றால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது, ஏனென்றால் போகிற இழையும் வருகிற இழையும் ஒரே உறைக்குள் சேர்ந்துதானே மடங்கும். ஒரு பக்கம் மட்டும் வரும் ஒளி குறைவு என்றால் அழுக்கு, துகள் ஒரு இழையின் முனையில்தான் உட்காரும். எல்லா எண்களும் நன்றாக இருந்தும் பாக்கெட் கெட்டால் மாட்யூலைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகு, அப்போதும் சரியாகவில்லை என்றால் மட்டும் மாற்று. பக்கத்துப் பக்கத்து லிங்குகள் சேர்ந்தாற்போல் கெடுகின்றன என்றால் பொதுவான பாகத்தைப் பார்.

கவனித்தீர்களா, "மாட்யூலை மாற்று" என்பது இந்த வரிசையில் இரண்டே இடத்தில் வருகிறது, அதில் ஒன்று நாம் நிற்கிற முனையில் கூட இல்லை.

கெட்டுப்போதல் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டும் நடக்கிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள், மேலே சொன்ன காரணங்களோடு அது ஒத்துப்போகிறது. இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், பிழையைப் பதிவு செய்யும் போர்ட் ஒளியைப் பெறுகிற போர்ட், அதன் மாட்யூல் மேல் பழி விழுகிறது, அது பாவம் வந்ததை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எஸ்ஆர்4-இல் இந்த முறையை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம், இது என் சொந்தக் கருத்து. ஒளியை நான்கு தடங்களுக்கும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள் அல்லவா, அப்போது ஒரு தடம் மட்டும் மற்ற மூன்றைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த இழையின் முனையில் அழுக்கு, நான்கும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ப்ளக் முழுதாக உட்காரவில்லை அல்லது பல இழைகள் சேர்ந்த ட்ரங்க் கேபிள் எங்கோ நசுங்குகிறது. ஓரத்துத் தடங்கள் ஒழுங்காக இருந்து உள்பக்கம் தாழ்ந்தால் நடு முகத்தைத் துடைக்கச் சொல்வேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மாட்யூல் சொல்லும் ஒளி அளவின் துல்லியம் தரநிலைப்படி கூட்டல் கழித்தல் 3 டிபிதான். மொத்த அனுமதியே 1.9 டிபி என்கிற லிங்கில், அளவுகோலின் பிழை 3 டிபி வரை இருக்கலாம் என்பது வெங்காயம் நிறுக்கும் தராசில் மூக்குத்தியை நிறுப்பது மாதிரி. எஸ்ஆர்4-க்கு வரும் ஒளி மைனஸ் 10.3 டிபிஎம்மைவிட (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபலில் சொல்லும் அளவு) குறையக் கூடாது என்று தரநிலை சொல்கிறதே என்று அந்த ஒரு எண்ணை மட்டும் அலாரத்தில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. மைனஸ் 6 என்று காட்டும் தடம் நேற்று வரை மைனஸ் 2 காட்டியிருந்தால் அதுதான் செய்தி. ஒரே மாட்யூல் தன் பழைய அளவோடு ஒப்பிடும்போது நம்பகமாகப் பேசும், தன் பக்கத்துத் தடங்களோடு ஒப்பிடும்போது ஓரளவு நம்பலாம், இன்னொரு தயாரிப்பாளரின் மாட்யூலோடு ஒப்பிட்டால் அவ்வளவாக நம்ப முடியாது.

அப்புறம் லிங்கை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி. கெட்ட லிங்கை உடனே நிறுத்திவிடலாம் என்று தோன்றும், ஆனால் ஒரு ரேக்கிலிருந்து மேலே போகும் பாதைகள் குறைந்துகொண்டே வந்தால் அந்த ரேக்கே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். அதுவரை இருந்த வழக்கம், ஒவ்வொரு சுவிட்சும் தன் மேல் போர்ட்டுகளில் இத்தனை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது. கார்ஆப்ட் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ரேக் சுவிட்சுக்கும் மேலே போக எத்தனை முழுப் பாதைகள் மிச்சமிருக்கின்றன என்று மொத்த வலையையும் வைத்துக் கணக்கிட்டது. நிறுத்தக்கூடியவற்றில் அதிகம் கெடுப்பவை எவை என்று தேர்ந்தெடுத்தது. இதனால் கெட்டுப்போகும் பாக்கெட்டுகள் மூன்றிலிருந்து ஆறு பத்தின் மடங்குகள் வரை குறையும், அதாவது ஆயிரத்தில் ஒன்றாகவோ பத்து லட்சத்தில் ஒன்றாகவோ, என்று அவர்கள் பகுப்பாய்வு காட்டியது. பழுதுபார்ப்பில் எடுக்கும் நடவடிக்கை சரியாக அமையும் விகிதம் 60% கூடியது. கட்டுரை வெளியான நேரத்தில் பரிந்துரை சொல்லும் பகுதி எழுபதுக்கும் மேற்பட்ட டேட்டா சென்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. புது மாட்யூல் எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே மாட்யூல் சொல்லிக்கொண்டிருந்த எண்களை உட்கார்ந்து படித்தார்கள், அதற்கே இந்தப் பலன்.

2017-க்குப் பிறகு

அந்த ஆய்வு சிஆர்சி பிழையை அடிப்படையாக வைத்தது. இன்றைக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் நடுவில் எஃப்இசி, அதாவது கூடுதல் பிட்டுகளைச் சேர்த்தனுப்பி வழியில் கெட்டதைப் பெறும் முனையிலேயே திருத்தும் முறை, வந்துவிட்டது. 10ஜி எஸ்ஆரில் எஃப்இசி கட்டாயம் இல்லை, பிட் கெட்டால் சிஆர்சியில் தெரிந்தது. 100ஜி எஸ்ஆர்4-இல் அது கட்டாயம்: 528 குறிகள் (பிட்டுகளின் சிறு தொகுதிகள்) கொண்ட ஒவ்வொரு தொகுப்பிலும் 7 குறிகள் வரை கெட்டிருந்தாலும் சரிசெய்துவிடும். அதன் பின் வந்த, கீழே விளக்கும் பேம்4 தலைமுறையில் 544 குறிகளில் 15 வரை. இது நல்லது, இது இல்லாமல் இந்த வேகம் சாத்தியமே இல்லை. ஆனால் அழுக்கு ஏறிக்கொண்டே போகும்போது சிஆர்சி பூஜ்யமாகவே இருக்கும், எஃப்இசி உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்கும், எல்லை தாண்டும் அன்று ஒரேயடியாகச் சரியும். ஆகவே பார்க்க வேண்டியது திருத்தப்பட்ட பிழைகளின் கவுன்டர். திருத்த முடியாதவை பூஜ்யம் என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிற கண்காணிப்புத் திரைகள் நிறைய இருக்கின்றன, அவை எனக்குக் கவலை தருகின்றன.

பேம்4 பற்றி ஒரு வார்த்தை. ஒளி இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைக்குப் பதில் நான்கு நிலைகள், ஒளியின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு பிட். நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் கனெக்டர் முகத்திலிருந்து திரும்பி வரும் சின்னப் பிரதிபலிப்பு கூட நிலைகளைக் குழப்பும். தடத்துக்கு 100ஜி ஓட்டும் எஸ்ஆர், அதைவிடக் குறுந்தூர விஆர் ஆகிய வகைகளுக்கான தரநிலை 2022-இல் வந்தது, எஸ்ஆருக்கு ஓஎம்4-இல் 100 மீட்டர், விஆருக்கு 50 மீட்டர். இந்தத் தலைமுறை 400ஜி எஸ்ஆர்4 மாட்யூல்களில் எம்பிஓவின் முகம் 8 டிகிரி சாய்வாக இருக்கிறது, பிரதிபலித்த ஒளி திரும்ப லேசருக்குள் போகாமல் இருப்பதற்காக. பழைய 100ஜி எஸ்ஆர்4-இல் முகம் நேரானது. இரண்டுமே 12 ஃபைபர் எம்பிஓ, ஒன்றில் ஒன்று செருகினால் க்ளிக் என்று உட்காரும். சாய்வான முகமும் நேரான முகமும் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் இடைவெளி விட்டு நிற்கும், ஒளி போதாது, முகமும் கீறிப்போகலாம். பழைய 100ஜி கேபிள்கள் மிச்சம் கிடக்கிறதே என்று 400ஜி ரேக்கில் அவற்றைப் பயன்படுத்துகிற இடங்களில் இது கட்டாயம் வந்து நிற்கும் பிரச்சினை. கேபிள் லேபிளில் ஏபிசியா (சாய்வான முகம்) யூபிசியா (நேரான முகம்) என்று படித்துப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

மல்டிமோட்டையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஃபேஸ்புக் 100ஜிக்குப் போகும்போது அப்படித்தான் முடிவெடுத்தது, ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள்மோட் ஃபைபரில் 500 மீட்டருக்கு ஒரு மாட்யூலை வரையறுத்து, வெப்பநிலை வரம்பையும் 15 முதல் 55 டிகிரி என்று தளர்த்தி விலையைக் குறைத்தது. ஒருமுறை இழுத்த ஃபைபர் பல தலைமுறை மாட்யூல்களுக்கு உழைக்க வேண்டும் என்ற அவர்கள் வாதம் நியாயமானது, பெரிய கட்டடத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அழுக்குப் பிரச்சினை அங்கே தீர்வதில்லை, சிங்கிள்மோட் மையம் 9 மைக்ரான்தான், 50 மைக்ரான் மையத்தில் ஒரு ஓரத்தை மறைக்கிற துகள் அங்கே முழுதையும் மறைத்துவிடும். ஒரே வரிசைக்குள், 30 மீட்டருக்குள் முடிகிற லிங்குகளுக்கு விக்செல் மாட்யூல் இன்னும் நல்ல தேர்வுதான், மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கிறது. கனெக்டரே இல்லாமல் இரண்டு முனையிலும் மாட்யூல் ஒட்டியே வரும் ஏஓசி கேபிள்கள் அழுக்குக்கு இடமே தராது, ஆனால் ஒரு முனை கெட்டால் முழுக் கேபிளையும் தட்டிலிருந்து உருவி எடுக்க வேண்டும், நெரிசலான கேபிள் தட்டில் அது அக்கம்பக்கத்து ஃபைபர்களையும் மடக்கிவிடும்.

லிங்க் கெடுவதன் விலை எவ்வளவு என்பதற்கு மெட்டா 2024-இல் லாமா 3 பற்றி வெளியிட்ட விவரங்களைப் பார்க்கலாம். 16,384 ஜிபியுக்களில் பயிற்சி ஓடியபோது 54 நாட்களில் 419 எதிர்பாராத தடங்கல்கள். அதிகம் ஜிபியு சம்பந்தப்பட்டவை, 35 தடங்கல்கள் நெட்வொர்க் சுவிட்ச் அல்லது கேபிள் காரணமாக, அதாவது 8.4%. இந்தப் பயிற்சியில் எல்லா ஜிபியுவும் ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும், ஒன்று நின்றால் மொத்தமும் நின்று கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அப்படி ஒரு வலையில், ஒரு முனையைத் துடைக்காமல் விட்டதன் செலவை அந்த ஒரு போர்ட்டோடு நிறுத்திக் கணக்குப் போட முடியாது.

இதை வைத்து என் குழுவில் நான் வலியுறுத்துவது இரண்டுதான். ஸ்பேர் மாட்யூல் வைக்கிற பெட்டியிலேயே எம்பிஓ துடைப்பானும் ஸ்கோப்பும் இருக்க வேண்டும், வேறு அறையில் இருந்தால் யாரும் போய் எடுத்துவர மாட்டார்கள். இன்னொன்று, லிங்க் முதல் முறை மேலே வந்த அன்றே இரண்டு முனையிலும் நான்கு தடங்களின் அனுப்பும் ஒளி, வரும் ஒளி, எஃப்இசி திருத்தும் வேகம் மூன்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும், மாட்யூலையோ கேபிளையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுசாகத் திரும்பப் பதிய வேண்டும். டிக்கெட் படிவத்தில் "மாட்யூல் மாற்றப்பட்டது" என்ற பெட்டிக்கு மேலே இந்த எண்களை நிரப்பும் இடத்தை வைத்து, அது காலியாக இருந்தால் ஸ்பேர் எடுக்க அனுமதி கிடைக்காதபடி செய்துவிடலாம்.